ஒரகடத்திலிருந்து நெஞ்சுவலியோடு நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

வழக்கமாக இந்தப் பயணப் பக்கத்தில் மலை, அருவி என்று எழுதுவேன். இந்தப் பயணத்தை யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. ஆனால் ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை செய்பவர்கள் வழியை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். நாங்கள் வைத்திருக்கவில்லை.

போன மாதம், காலை ஷிப்ட். பத்து இருபதுக்குப் பக்கத்து மெஷினில் நின்ற சேகர் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வயது நாற்பத்து நான்கு. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"அண்ணா, நீ கிளம்பு."

"ரிலீவர் வரட்டும்டா. லைன் நின்னா என்னத்தான் கேப்பானுங்க. இது வெறும் கேஸ் ட்ரபிள்டா."

மாற்றாள் வராமல் மெஷினை விட்டு நகர மாட்டோம், அப்படிப் பழகிவிட்டோம். மாற்றாள் வந்தது பதினொரு மணிக்கு. அந்த நாற்பது நிமிடமும் நான் பக்கத்திலேயே போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். முதலுதவி அறையில் கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். வெளியே போகும் பாஸில் கையெழுத்து வாங்க இருபது நிமிடம்.

பதினொன்றரைக்குக் கம்பெனி காரில், துணைக்கு என்னோடு, கிளம்பினார். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரி, பன்னிரண்டு கிலோமீட்டர். கார்டைக் காட்டினால் செலவில்லை. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் ஆனது.

ஈசிஜி எடுத்த நர்ஸ், "அட்டாக்குதான் சார். அடைப்பு எடுக்கிற லேப் இங்க இல்ல, சென்னைக்கு இட்டுக்கினு போங்க" என்றார். ஆம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடம். போகிற இடத்துக்கு ஒரு போன் போட்டுச் சொல்ல அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மீதி முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். செம்பரம்பாக்கம் தாண்டும்போது, "ஷூவ கழட்டுடா, கால் வேர்க்குது" என்றார். கழற்றினேன். அதன்பிறகு அவர் பேசவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி பெயர், வயது, மறுபடி ஈசிஜி. இருதய டாக்டர் இறங்கி வருவதற்குள் முடிந்துவிட்டது. அப்போது மணி இரண்டு பத்து.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, கம்பெனி பஸ் ஜன்னல் வழியே ஒரு ஆஸ்பத்திரிப் பலகையைப் படித்தேன். ஐந்து வருடமாகத் தினமும் கடந்து போகும் பலகை. எங்கள் கேட்டிலிருந்து எதிர்த்திசையில் நான்கு கிலோமீட்டர். மாலையில் இறங்கிப் போய் ரிசப்ஷனில் விசாரித்தேன்.

"அடைப்பு எடுக்கிற லேப் இருக்குதுங்களா?"

"கீது சார், இருபத்திநாலு மணி நேரமும் டாக்டர் இருப்பாரு. பேஷன்ட் எங்க?"

திரும்பி ரோட்டுக்கு நடந்தேன். எனக்கு எல்லார் மேலும் ஆத்திரம், அதில் முதல் ஆள் நான்.

நாளைக்கே உங்கள் கேட்டிலிருந்து அந்த லேப் உள்ள பக்கத்து ஆஸ்பத்திரி எது என்று நேரில் போய்க் கேளுங்கள். ஒப்பந்தம், கார்டு எல்லாம் அப்புறம். வலி வந்தவர் கேஸ் என்பார், நம்பாதீர்கள். ரிலீவருக்குக் காத்திருக்காமல் லைனை நிறுத்துங்கள். அதற்கென்றே ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. அன்று அது என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.