தூக்குநூல் தவறிய சிலை

பிள்ளைகளே, சிலை நேராக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குநூலைத்தான் உங்கள் அப்பாவான நான் கடைசிவரை நம்புவேன். அதை நம்பி நான் தப்பு செய்த கதை இது.

தொண்ணூறுகளில் மாமல்லபுரத்தில் ஒரு பட்டறையில் சிலை செதுக்கினேன். பதினான்கு வயது வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, கைடு மணியுடன் வந்தாள். பல நாட்டுப் பிள்ளைகள் பனித்தரையில் சறுக்கி ஆடும் போட்டியில் எடுத்த தன் போட்டோவைக் கொடுத்து, அதேபோல மாவுக்கல் என்னும் மென்மையான கல்லில் ஒரு சிலை கேட்டாள். பயிற்சி தந்த டீச்சருக்குப் பரிசாம்.

படத்தில் ஒற்றைக் காலில் சாய்ந்திருந்தாள். கேமராதான் கோணல் என்று நினைத்து, நூல் பிடித்து நேராக நிறுத்திவிட்டேன். ஊருக்குக் கிளம்பும் நாளில் சிலையைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

"அண்ணாத்த, இப்படி நின்னா வுழுந்துடுவாளாம்," என்று அவள் சொன்னதைத் தமிழில் சொன்னான் மணி.

"நேரா நிக்கிறவ எப்பிடிடா வுழுவா? போட்டோ எடுத்தவன் கோணலா எடுத்துகீறான்," என்றேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் மணலில் வேகமாக வட்டம் ஓடினாள். போட்டோவில் இருந்ததைப் போலவே உடம்பு உள்பக்கம் சாய்ந்தபடியே போனது.

"இப்ப இன்னா சொல்ற?" என்று மணி சிரித்தான்.

பீடத்தின் அடியைச் சாய்வாக அறுத்து வைத்தேன். சிலை சாய்ந்தது. அவள் கைதட்டினாள். தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. அவள் ஏறிய கார் போய்விட்டது.

அன்று சாயங்காலம் ஆளில்லாத கடற்கரையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நானும் ஒரு வட்டம் ஓடிப் பார்த்தேன்.