குணம் சொல்லாமல் கொடுத்த சைக்கிள்

லைன்மேன் அண்ணாச்சியை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் முகம் இல்லை, அவர் போட்டுவந்த மஞ்சள் ஹெல்மெட். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, ராஜபாளையத்தில் நாங்கள் சைக்கிள்காரர்கள் கூடுகிற டீக்கடை முன்னால் அது வந்து நின்றது. சைக்கிளுக்கான ஹெல்மெட் இல்லை. கரண்ட் கம்பத்தில் ஏறுகிறவர்கள் மாட்டுவார்களே, மொழுமொழுவென்று, அது. அதற்குக் கீழே ஐம்பத்திரண்டு வயதில் ஓர் ஒல்லி மனிதர், காக்கிக் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, உள்ளூர்க் கடையில் வாங்கிய ஏழு கியர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். "மம்சாபுரத்துல இருந்து வாரேன். கரண்ட் ஆபீஸ்ல லைன்மேன். பேக்கரி அண்ணன்தான் வரச்சொன்னாவ," என்றார். நான் பக்கத்தில் நின்ற பல் டாக்டரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அன்றைக்குச் சிரித்ததோடு சரி, அதற்குப் பிறகு அந்த மனிதரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

எங்கள் குழுவில் அப்போது முப்பது பேர். மில் ஆபீஸ்காரர்கள், பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்கிறவர், அண்ணாச்சியை வரச்சொன்ன பேக்கரிக்காரர், மற்ற கடைக்காரர்கள், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற ஒருவர், இப்படி. ஞாயிறு காலை மலையடிவார மாந்தோப்புப் பாதைகளில் சைக்கிள் ஓட்டுவோம். மற்ற ஆறு நாளும் வாட்ஸப்பில் பேசியே ஓட்டுவோம். அந்தப் பேச்சுக்கு நான்தான் ராஜா. நூற்பாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவன்; எதையும் அளந்து பார்க்காமல் பேச மாட்டேன். டயர் இரண்டே கால் அங்குலமா, இரண்டரையா? டியூப் போடுவதா, அல்லது டியூப் இல்லாமல் உள்ளே பால்போல ஒரு மருந்தை ஊற்றிக் கருவேல முள் குத்தின ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ள விடுவதா? பெடலில் சாதாரணச் செருப்பு போதுமா? யார் கேட்டாலும் ஐந்து நிமிஷத்தில் என் பதில் படத்தோடு போய்விடும். "சார் சொன்னா சரிதான்" என்று கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழும். அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குச் சாப்பாடே இறங்கும்.

என் சைக்கிளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் வேலை பார்த்துத் திரும்பிய கோயம்புத்தூர் நண்பர் ஒருவரிடம் வாங்கியது. முன்னால் சஸ்பென்ஷன், எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கிற டிஸ்க் ப்ரேக், ஓடும்போதே பட்டனைத் தட்டினால் இறங்குகிற சீட். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஊர் சைக்கிளில் வலது கைப் பிடி முன் ப்ரேக், இடது கைப் பிடி பின் ப்ரேக். அந்த ஊர் வண்டியில் இது நேர்மாறு. இடதை அழுத்தினால் முன்சக்கரம் நிற்கும். பள்ளத்தில் இறங்கும்போது பின் ப்ரேக் என்று நினைத்து இடதை இறுக்கிப் பிடித்தால், வண்டி அங்கேயே நிற்கும், ஆள் மட்டும் முன்னால் போய் விழுவான். வாங்கின முதல் வாரம் அய்யனார் கோயில் பாதையில் நானே விழப்பார்த்தேன். பிறகு கை பழகிவிட்டது. ஆகவே எனக்கு அது தெரியாது என்றோ, மறந்துபோயிற்று என்றோ இதைப் படிக்கிறவர்கள் பெரிய மனது பண்ணி நினைக்க வேண்டாம்.

அண்ணாச்சி வந்த இரண்டாவது ஞாயிறே எனக்குப் பொச்சரிப்பு தொடங்கிவிட்டது. மம்சாபுரத்துக்கு மேற்கே ஒரு தோப்பில் செங்குத்தாக ஒரு கல்மேடு இருக்கிறது. நாங்கள் எல்லோரும் பாதி ஏறி இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற இடம். எனக்குப் பன்னிரண்டு கியர் இருந்தும், அங்கே இறங்குவதற்கு ஒரு காரணம் தயாராக வைத்திருப்பேன்: செயின் சூடாகிவிட்டது, பின் டயரில் காற்று அதிகம். அண்ணாச்சி அந்த ஏழு கியர் வண்டியில் உட்கார்ந்தபடியே, பேசிக்கொண்டே ஏறிப்போனார். பேசிக்கொண்டே! பம்புசெட்டுக்குப் போகிற கரண்ட் லைனைப் பார்க்க இருபத்தைந்து வருஷமாக அந்தத் தோப்புகளில் சைக்கிளில் அலைந்தவராம். எந்த வாய்க்கால் ஓரம் முள் கிடக்கும், எந்தத் தோட்டத்து நாய் கடிக்கும், எந்த வேலியில் புகுந்தால் சுந்தரபாண்டியம் ரோட்டுக்குப் பாதித் தூரத்தில் போய்விடலாம், எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒரு மாசத்தில் குழு அவர் பின்னால் ஓடியது. நான் கடைசியில் வந்தேன்.

ஓட்டுவதில் என்னை முந்தினார் என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பேச்சிலும் முந்தினார், அதுதான் தாங்கவில்லை. ஒருநாள் பேக்கரிக்காரர் மணலில் வழுக்கி வழுக்கி வந்தார். அண்ணாச்சி அவர் டயரைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு, "காத்த செத்த இறக்குங்கண்ணே, டயரு தரையக் கவ்வட்டும்," என்றார். இறக்கினார்கள். வழுக்கவில்லை. "அடேயப்பா, அண்ணாச்சி கைதான் மீட்டரு!" என்று ஆளாளுக்குக் கொண்டாட்டம். அட பாவிகளா, மூன்று வருஷமாக உடம்பு எடைக்கு இவ்வளவு காற்று என்று அட்டவணை போட்டு அனுப்பியவன் நான்! ஒருத்தனும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்று மாலையே குழுவில் ஒருத்தர் புது டயர் படம் போட்டு, "அண்ணாச்சி, இது நம்ம பாதைக்குச் சரிவருமா?" என்று கேட்டார். நான் எழுதிய பதினெட்டு வரிப் பதில் அதற்குக் கீழே அநாதையாகக் கிடந்தது. அண்ணாச்சி போட்ட பதில் ஒரே வார்த்தை: "போடலாம்யா." அதற்கு இருபத்திரண்டு கட்டைவிரல்.

வீட்டில் புலம்பினேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, "அந்த அண்ணன் நம்ம தெருவுல கம்பத்துல ஏறுறதப் பாத்திருக்கேன். ஒரு தடுமாத்தம் கிடையாது, அம்புட்டு நிதானம். அப்படிப்பட்ட ஆளுக்குச் சைக்கிள் எம்மாத்திரம்?" என்றாள். ஆறுதல் கேட்டுப் போனவனுக்கு அவள் கொடுத்த ஆறுதல் அது. நான் தட்டை நகர்த்திவைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மாசக் கடைசி ஞாயிறு அன்று சைக்கிள்களை மாற்றிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவோம். பிறர் வண்டியின் சுகமும் கஷ்டமும் தெரியட்டும் என்று தொடங்கியது. அதில் ஒரே ஒரு கட்டாயம்: வண்டியைக் கொடுக்கிறவர் அதன் குணத்தைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். "மூணாவது கியர் தாவும்", "சீட்டு இடப்பக்கம் திரும்பும்", "பெல் அடிக்காது, வாயால கத்திக்கோங்க" என்று சொன்ன பிறகுதான் கைமாறும். குணம் சொல்லாமல் வண்டி கொடுப்பது எங்களுக்குள் அவ்வளவு பெரிய தப்பு. நான் அதுவரை என் வண்டியை ஏதாவது சாக்குச் சொல்லி யாருக்கும் கொடுத்ததில்லை. அந்த மாசம் பேக்கரிக்காரர் விடவில்லை. "சார் வண்டிய அண்ணாச்சி ஓட்டட்டும். அவிய கையில அது எப்படிப் போகுதுன்னு பாப்போம்," என்றார். அத்தனை பேரும் கை தட்டினார்கள். நல்ல வண்டி இருப்பது என்னிடம், ஓட்டத் தெரிந்தவர் அண்ணாச்சி என்பதைத்தான் அவர்கள் கைதட்டிச் சொன்னார்கள்.

நான் குணம் சொன்னேன். சீட் பட்டனைச் சொன்னேன். சஸ்பென்ஷனை எப்படிப் பூட்டுவது என்று சொன்னேன். கியர் மாற்றும்போது மிதியை லேசாக விட வேண்டும் என்று சொன்னேன். அண்ணாச்சி பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "வேற எதுவும் உண்டுமா சார்?" என்றும் கேட்டார். ப்ரேக் விஷயம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்ல ஒரு வாய் மூச்சுகூட வேண்டாம். "அவ்வளவுதான் அண்ணாச்சி, ஜோராப் போங்க," என்றேன். அவர் எலும்பு முறிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. எல்லோர் முன்னாலும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தடுமாறட்டும் என்றுதான் நினைத்தேன். நினைப்பு அவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது.

ஓடைக்கு இறங்குகிற சரிவில் அது நடந்தது. கீழே கல்லைப் பார்த்ததும் அவர் வேகத்தைக் குறைக்க இடது கையை இறுக்கினார். எப்போதும் செய்கிற மாதிரிதான். முன்சக்கரம் ஆணி அடித்தாற்போல நின்றது. மஞ்சள் ஹெல்மெட் கைப்பிடியைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். ஓடிப்போய்த் தூக்கியபோது இடது தோள் தொங்கிப்போய்க் கிடந்தது. காறை எலும்பு முறிவு. அந்த வலியிலும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "சார், வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?" வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மத்தியானமே வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு எண்ணெய்க் குழாயையும் கழற்றி இடம் மாற்றி, வலது முன், இடது பின் என்று நம் ஊர் வழக்கப்படி ஆக்கிவிட்டேன். யாரும் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதே!

குழு மொத்தமும் அவர் வீட்டுக்குப் போனது. ஆர்கன் வாசிக்கிறவர் ஜெபம் பண்ணினார். பேக்கரிக்காரர் தினம் ரொட்டி கொடுத்துவிட்டார். அவர் கட்டிலைச் சுற்றிக் கிடந்த ஆப்பிள், ஆரஞ்சையெல்லாம் பார்த்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. நான் விழுந்திருந்தால் எனக்கு இவ்வளவு பேர் வந்திருப்பார்களா? அப்படியும் ஒரு புத்தி. அண்ணாச்சி எல்லோரிடமும் ஒரே கதையைத்தான் சொன்னார். "வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல. சாரு எல்லாம் வெவரமாச் சொல்லித்தான் குடுத்தாவ. எங் கைதான் மாறிப்போச்சு. இடதுன்னு நெனச்சு வலதப் புடிச்சிருக்கேன்."

அந்த வாக்கியத்தின் கனம் எனக்கு அன்று புரியவில்லை. மூன்று மாசத்தில் எலும்பு கூடிவிட்டது. டாக்டர் கம்பம் ஏறலாம் என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி ஏறவில்லை. அவரே எழுதிக் கொடுத்து, ஆபீஸில் புகார் போன் எடுக்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். "லைன்ல வேலை செய்யுறவனுக்கு எந்தக் கை எங்க இருக்குன்னு தெரியணும் சார். அன்னைக்கு எனக்குத் தெரியல. கம்பத்து மேல தெரியாமப் போச்சுன்னா?" என்று பேக்கரி வாசலில் வைத்து என்னிடமே சொன்னார். சைக்கிளையும் விட்டுவிட்டார். குழு மறுபடி என்னிடம் டயர் கேட்கத் தொடங்கியது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. கட்டைவிரல்களும் வந்தன.

இந்த வருஷம் ஆடிக் காற்றில் எங்கள் தெரு முனையில் கம்பி அறுந்து தொங்கியது. ஆட்கள் வந்தார்கள். ஆள் பற்றாக்குறையாம், அண்ணாச்சியும் கூட வந்திருந்தார். மேலே இருந்தவர் ஏதோ முடிச்சில் திணற, அண்ணாச்சி கீழே நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். "ஏலே, அதில்ல, அதுக்குப் பொறத்தாண்டி." சொல்வதெல்லாம் சரியாக இருந்தது. ஆனால் அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். ஒரு தரம் மேலே இருந்தவர் கயிற்றை வீசினார், பிடிக்கச் சொல்லி. அண்ணாச்சி கையை நீட்டவில்லை, ஒதுங்கி நின்றார். கயிறு தரையில் விழுந்தது. நான் மாடியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மம்சாபுரம் போனேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் மனைவி காப்பி போடப் போனார். நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணாச்சி, அன்னைக்கு அந்த வண்டில இடதுதான் முன் ப்ரேக். எனக்குத் தெரியும். வேணும்னுதான் சொல்லல," என்றேன். அவருக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். "அப்ப நான் அன்னைக்குப் புடிச்சது?" என்றார். "இடதுதான். நீங்க சரியாத்தான் பிடிச்சிய."

அடிப்பார் என்று நினைத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. "ஏட்டி, இங்க வா! எங் கை மாறலையாம்! சாரு சொல்லுதாவ!" என்று கத்தினார். அந்த அம்மா டம்ளரோடு வெளியே வந்து, கணவர் தாறுமாறாகச் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இது உங்களுக்கு எப்பத் தெரியும் சார்?" என்றார். "அன்னைக்கே," என்றேன். அவர் காப்பியைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அண்ணாச்சி அதைக் கவனிக்கவே இல்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் கிடக்கு. ஏறலாம்லா சார்? இந்தக் கைய நம்பி ஏறலாம்லா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

"அவியட்ட எதுக்குக் கேக்கிய?"