கஸ்பாரின் வலது கை

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூத்துக்குடியில் ஒரு மாதா கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தேன். கஸ்பாரின் நினைவுநாள். அவன் பேத்தி ஷெரின் சென்னையிலிருந்து வந்து, தாத்தா இயற்றிய மூன்று பியானோ உருப்படிகளையும் வாசிக்கப்போவதாக அழைப்பு. மேடையில் மடக்கி எடுத்துப்போகிற மாதிரி ஒரு கீபோர்டு. அதில் வாசனையே இல்லை என்பதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. கஸ்பாரின் பியானோவுக்கு வாசனை உண்டு. சூடான தூசி, பாச்சை உருண்டை, கொஞ்சம் உப்பு.

சூடு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். துறைமுகத்துப் பக்கம் அப்போது மாலுமிகள் வந்து பொழுதுபோக்கும் கிளப் ஒன்று இருந்தது. அங்கே கிடந்த பியானோ கடல் ஈரத்தில் ஊறிப்போய், அழுத்தின கட்டை எழும்பாது. கஸ்பார் அதன் வயிற்றுக்குள் ஒரு நாற்பது வாட்ஸ் பல்பைத் தொங்கவிட்டு எந்நேரமும் எரியவிட்டிருந்தான். வாசிக்கும்போது கட்டைகளின் இடுக்கு வழியாக மஞ்சள் வெளிச்சம் வந்து அவன் விரல்களில் படும். அந்த வெளிச்சத்தின் மேல்கூட எனக்குப் பொறாமைதான். ஞாயிறுதோறும் சர்ச்சில் நான் வாசிக்கும் ஆர்கனுக்கு மேலே நல்ல டியூப்லைட் இருந்தது. அதை யார் பார்த்தார்கள்?

நானும் அவனும் ஒரே கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தோம். அவன் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிறவன், நான் ஆபீசில் டைப் அடிக்கிறவன். நான் சாத்தான்குளத்து வாத்தியார் மகன். மெட்ராஸ் வரை பஸ்ஸில் போய் மேற்கத்திய இசைப் பரீட்சை எழுதி, சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். கஸ்பாருக்குக் காகிதத்தில் எழுதின இசையில், அந்த நோட்டேஷனில், ஒரு புள்ளிகூட வாசிக்கத் தெரியாது. உப்பு ஏற்றக் காத்துக் கிடந்த ஒரு கப்பலின் சமையல்காரன், ஒன்பது நாள் அந்தப் பியானோவில் உட்காரவைத்து அவனுக்கு ராக்டைம் என்கிற அமெரிக்கத் துள்ளல் இசையைப் பழக்கிவிட்டுப் போய்விட்டான். ஒன்பதே நாள். நான் ஒன்பது வருஷம் படித்தேன்.

ராக்டைமில் இடது கை சிப்பாய் மாதிரி ஒழுங்காக நடக்கும். வலது கைக்கு அந்த ஒழுங்கு கிடையாது. தாளத்துக்கு ஒரு நூலிழை முந்தி விழும், இல்லை பிந்தி விழும். ‘மாப்பிள்ளையூரணி டவுன் பஸ்’ என்று ஒன்று கட்டியிருந்தான். கேட்டால் பஸ் படியில் தொங்குகிற மாதிரியே இருக்கும். மாலுமிகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஆடுவார்கள். நான் மூலையில் கலர் குடித்துக்கொண்டு, எத்தனை இடத்தில் தாளம் தப்புகிறான் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

என் கல்யாண ரிசப்ஷனுக்கு அவன் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். மாமனார் முந்திக்கொண்டு அவனையே வாசிக்கக் கூப்பிட்டுவிட்டார். கீழே விழுந்த கைக்குட்டையை எடுக்கக் குனிந்தபோது பார்த்தேன், மேஜைக்கடியில் மணப்பெண் மெர்சியின் புதுச் செருப்பு அவன் வாசிப்புக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. நாற்பது வருஷமாக ஞாயிறு தவறாமல் என் ஆர்கனைக் கேட்கிறாள். ஒருநாளும் அவள் கால் அசைந்ததில்லை.

கல்யாணமான அடுத்த வருஷம் கஸ்பார் ஒரு பொட்டலம் மக்ரூனோடு வந்து நின்றான்.

“வே, நீரு படிச்சவரு. என் தலைக்குள்ள கெடக்கதை எழுதித் தாரும். எனக்குப் பொறவு எவனாவது வாசிப்பான்லா.”

இரண்டு வாரம் கிளப்பில் அவன் வாசிக்க, நான் எழுதினேன். முந்தி விழுந்த ஸ்வரம், பிந்தி விழுந்த ஸ்வரம் எல்லாவற்றையும் பிடித்து இழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அசெம்பிளியில் நிறுத்துவதுபோலத் தாளத்தின் மேலேயே நிறுத்தினேன். தப்பைத் திருத்துகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். மெர்சியின் கால் ஆடியது அந்த நூலிழை இடைவெளியில்தான் என்று எனக்குத் தெரியும். அது காகிதத்தில் ஏறக் கூடாது என்று நினைத்தேன்.

கஸ்பார் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“எறும்பு ஊருத மாதிரி என்னா அழகா இருக்கு. எம்பேரு போட்டிருக்கீரா?”

“போட்டிருக்கேன்.”

நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சாகும்வரை அதை பிளாஸ்டிக் கவர் போட்டு பீரோவில் வைத்திருந்தானாம்.

ஷெரின் மேடையில் பிரித்தது அதே நோட்டுதான். ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசித்தாள். டவுன் பஸ் சவ அடக்க ஊர்வலம் மாதிரி போயிற்று. மரியாதைக்குக் கை தட்டினார்கள். பின்வரிசையில் யாரோ, “இதுக்கா கப்பக்காரன்லாம் எந்திச்சு ஆடுனான்?” என்றார். அதைக் கேட்டதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மெர்சி என் பக்கம் சாய்ந்து, “கஸ்பார் அண்ணன் இப்படியா வாசிச்சாவ?” என்று கேட்கும்வரை அது இருந்தது.

கூட்டம் கலைந்ததும் ஷெரினிடம் போய், எழுதியது நான்தான், வேண்டுமென்றே தப்பாக எழுதினேன் என்று சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். நோட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.

“அப்போ சரியா எப்படின்னு வாசிச்சுக் காட்டுங்க தாத்தா. திருத்திக்கிறேன்.”

உட்கார்ந்தேன். காதுக்குள் கஸ்பார் அப்படியே கேட்கிறான். கை வைத்தால் என் வலது கை நேராகத் தாளத்தின் மேலேயே போய் விழுகிறது. மூன்று தடவை முயன்றேன். பென்சில் அசையாமல் நின்றது.

கிளப் இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. பியானோவைக் கரையான் தின்றுவிட்டது. யாரோ பதிந்து வைத்திருந்த ஒரே கேசட்டும் பூஞ்சை பிடித்துப் போயிற்று.

மெர்சி பக்கத்தில் வந்து நின்றாள். “அப்படி இல்லங்க,” என்று கீபோர்டின் ஓரத்தில் விரலால் தட்டிக் காட்டினாள். ஒரு நூலிழை முந்தி, ஒரு நூலிழை பிந்தி. டவுன் பஸ் கிளம்பிவிட்டது. ஷெரின் வேகவேகமாக எழுதினாள். நாலு வரி வந்ததும் மெர்சியின் விரல் நின்றது.

“அதுக்கு மேல மறந்துட்டு.”

மிச்சம் இனி யாரிடமும் இல்லை. அந்த நாலு வரி மட்டும், இத்தனை வருஷமும், என் வீட்டில்தான் இருந்திருக்கிறது.