காதுக்குக் கரண்ட்

மாலை ஐந்து மணிக்குப் பெரம்பலூரில், திருச்சி ரோட்டோரம் ஒரு கடை வாசலில், என் பழைய வேனின் கூரைமேல் சோலார் பேனல் ஏறியது. பேனல், பாட்டரி, வயர், கூலி எல்லாம் சேர்த்து இருபத்தாறாயிரம். வேலை பார்த்தவர் எலெக்ட்ரீசியன் அன்வர்.

"போனுக்கு சார்ஜ் போடத்தானே சார் இவ்வளவும்?"

"போன் கிடக்கட்டும். என் காதுக்குப்பா."

காதுக் கருவிகள் இரண்டையும் கழற்றிக் காட்டினேன். தினமும் சார்ஜ் கேட்கும் ஜாதி. அவை இல்லாவிட்டால் இடி விழுந்தாலும் எனக்கு மின்னல் மட்டும்தான். ஊர் ஊராகக் கடைக்காரர்களிடம் "ஒரு பிளக் கிடைக்குமா" என்று பல்லிளித்து அலுத்துப்போய்த்தான் இந்தச் செலவு.

"பாட்டரி வெறும் வயித்தோட வந்துருக்கு சார். நாளைக்கு மூணு மணி நேரம் நல்ல வெயில்ல நிறுத்திட்டு அப்புறம் சொருகுங்க. இன்ஷா அல்லா, ஜம்முனு ஏறிடும்" என்றார் அன்வர். அன்று வேனிலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அரியலூர். சுமார் முப்பது கிலோமீட்டர். ஊர் எல்லையில் ஓர் இளநீர்க் கடை அருகே, பொட்டல் வெயிலாகப் பார்த்து வேனை நிறுத்தினேன். இட்லி சாப்பிட்டு, கடைத்தெருவைச் சுற்றிவிட்டுப் பதினொரு மணிக்குத் திரும்பினால், கூரை முழுக்கப் பச்சைத் தென்னங்கீற்று.

இளநீர்க்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வண்டி கொதிக்குதே சார், மனசு கேக்கல. நாந்தான் கீத்து போட்டு மூடி வச்சேன்."

இந்தப் பக்கம் நிழல் கொடுப்பது தண்ணீர் கொடுப்பது மாதிரி. திட்ட வாய் வருமா? நாற்பது ரூபாய்க்கு இளநீர் குடித்து நன்றியும் சொன்னேன். பாட்டரி மீட்டரில் ஒரு கோடுகூட ஏறவில்லை. அங்கேயே ஒரு பிளக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீம்பு.

அங்கிருந்து எட்டு கிலோமீட்டரில் சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட ஒரு பள்ளம். இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். கல்லாகிப்போன சிப்பிகள் மண்ணிலேயே கிடக்கும். அதைப் பார்க்கத்தான் நான் கிளம்பியதே. கீற்றை எடுத்துவிட்டு அங்கே போய், வேனை வெயிலில் விட்டு நடந்தேன்.

பன்னிரண்டரை மணி. ஒரு சிப்பியை எடுக்கக் குனிந்தபோது காதில் இரண்டு முறை மெல்ல மணி அடித்து, கருவிகள் அணைந்தன. உலகம் வாயை மூடிக்கொண்டது.

மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. எல்லாம் ஒரே திசையைப் பார்த்தன. காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. உச்சி வெயிலில் எனக்கு முதுகு சில்லிட்டது. பள்ளத்தின் அந்தப் பக்கம் சிவப்புச் சேலையில் ஒரு பெண் கையை வீசிக்கொண்டு நின்றாள். வாய் திறந்து திறந்து மூடியது. ஆடு மேய்ப்பவள், எந்த ஊர் என்று விசாரிக்கிறாள்போல என்று நானும் சிரித்துக் கையாட்டினேன். அவள் ஓடிவந்தாள். காலடிச் சத்தமும் இல்லை, மூச்சுச் சத்தமும் இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, வேன் நின்ற மேட்டுக்குப் பின்னால் இழுத்துத் தள்ளினாள்.

உள்ளங்காலில் பூமி ஒருதரம் எகிறியது. எட்டிப் பார்த்தேன். பள்ளத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீர் நடுங்கியது. நான் நின்றிருந்த இடத்தில் தேங்காய் அளவுக் கல் ஒன்று வந்து விழுந்தது, சத்தமே இல்லாமல். பயத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்துப் பள்ளத்தில் வெடி வைக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். சட்டென்று பேச்சை நிறுத்தினாள்.

மூன்று மணிக்கு, ஏறியிருந்த கொஞ்சக் கரண்டில் சார்ஜ் போட்டுக் கருவிகளை மாட்டினேன். ஆடுகளோடு அவள் அங்கேயே இருந்தாள்.

"வெடி வைக்கிறதுக்கு முன்னாடி சங்கு மூணு தடவ ஊதுனாங்க. நான் கத்துறேன் கத்துறேன், நீங்க சிரிச்சிக்கிட்டு கையாட்டுறீங்க."

"கேக்கலம்மா. ஏதோ விசாரிக்கிறீங்கன்னு நினைச்சேன்."

அவள் ஆடுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க வூட்டுக்காரருக்கும் காது மந்தம் சார். இதே எடந்தான். அவரும் சிரிச்சிக்கிட்டுதான் கையாட்டுனாரு."

பழக்கத்தில், "போயிட்டு வரேம்மா" என்றேன்.

"வர வேணாம் சார். போங்க."

வண்டியை எடுத்துக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் கையாட்டிக்கொண்டிருந்தாள். பதிலுக்கு ஆட்ட எனக்குக் கை எழவில்லை.