கேம் ஓடிய விதமும் கலியாணம் சொன்ன விதமும்

பத்தாம் வகுப்பு ஓ.எல். பரீட்சையுடன் படிப்பை நிறுத்தியவள் கொம்பியூட்டர் விஷயம் எழுத வந்தால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்... மன்னிப்பை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஆனால் இந்த விஷயம் என் மகளின் கலியாணத்துக்கே குறுக்கே நின்றது.

என் கணவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. என் தம்பி அவரைவிடக் கொஞ்சம் இளையவன். இருவரிடமும் கைக்குள் அடங்கும் கேம் மெஷின். இருவரும் ஆடுவது ஒரே பழைய கார் ரேஸ். அது வேறொரு பழைய மெஷினுக்காக எழுதியது, இந்த மெஷினுக்கு அதன் பாஷை விளங்காது. சண்டை, அதை இதில் எப்படி ஓட்டுவது என்பதில்.

தம்பி எமியுலேற்றர் கட்சி. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் இருந்து வரிக்கு வரி தமிழில் சொல்வது போல. எந்த மந்திரமும் ஓடும் — ஆனால் இழுபடும், பற்றரியையும் குடிக்கும். என் கணவர் ஸ்டற்றிக் ரீகொம்பைலேஷன் கட்சி. மந்திரம் முழுவதையும் முன்கூட்டியே தமிழாக்கி வைத்துக்கொண்டு நேரே ஓதுவது. வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனியாக மாரடிக்க வேண்டும்.

"இவ்வளவு நாளா மினக்கெட்டு அத்தான் ஓட்டினது ஒரேயொரு கேம்" என்றான் தம்பி, எங்கள் வீட்டில் வைத்து.

"உம்மடை எல்லாம் ஓடுதோ? நொண்டுதெல்லோ" என்றார் இவர்.

தம்பி தேநீரைத் தொடாமல் எழுந்து போனான். அன்றிலிருந்து இருவருக்கும் கதையில்லை, பேச்சில்லை. முன்பெல்லாம் வேலிக்கும் கிணற்றுப் பங்குக்கும்தான் எங்கள் பக்கத்தில் கதை நிற்கும். முன்னேறிவிட்டோம் அல்லவா?

மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. தாய்மாமன் இல்லாமல் மணவறையா? கலியாண அட்டை அனுப்பினால் போதாது. புருஷனும் பெண்சாதியுமாக வீடு தேடிப் போய் வாயால் சொல்ல வேண்டும். போன ஞாயிறு வட்டுக்கோட்டையில் தம்பி வீட்டுக்குப் போனோம்.

ஒரே விறாந்தையில் எதிரெதிரே இருந்துகொண்டு இருவரும் என்னோடுதான் கதைத்தார்கள்.

"அக்கா, அத்தான் என்னத்துக்கு வந்தவர் எண்டு கேளுங்கோ."

"நொண்டுதெண்டதுக்கு இன்னும் கோவமோ எண்டு உம்மடை தம்பியைக் கேளும்."

நான் காரத்தைக் குறைத்து வரிக்கு வரி மாற்றிக் கொடுத்தேன். தொண்டை வறண்டுவிட்டது. கலியாணம் என்ற சொல் இன்னும் வரவில்லை. அப்போதுதான் விளங்கியது... நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் எமியுலேற்றர் நான்தான்.

இவருடைய கட்சிக்கு மாறினேன்.

"தம்பி, கலியாணத்தை முன்னுக்கு நிண்டு நடத்தித் தரச் சொல்லி அத்தான் கேக்கிறார். நீ ஓம் எண்டுறாய். நொண்டுதெண்டு சொன்னதுக்கு அவர் மனவருத்தப்படுறார். நீ பறவாயில்லை எண்டுறாய். சரி, நேரமாகுது, நாங்கள் வெளிக்கிடுறம்."

இருவரும் வாயைத் திறக்கவில்லை. மறுப்பதென்றால் ஆளோடு ஆள் நேரே கதைக்க வேண்டுமே!

அடுத்த நாள் தம்பி வந்து, இவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மண்டபம் பார்க்கப் போனான்.