முன்னால் வந்த காலடி

சேட்டஸ்தால் பள்ளத்தாக்கில் தாலக்கின் காலடிச் சத்தம் தாலக்குக்கு முன்னால் வீடு வந்து சேரும். கோடாலிக் காம்பு சுவரில் சாயும், பூட்ஸ் படியில் பனியை உதறும். கதவைத் திறந்தால் ஆள் இருக்கமாட்டான். கால் மணி கழித்து வருவான். அந்தப் பக்கத்தில் சிலருக்கு இது உண்டு, யாரும் பெரிதுபடுத்துவதில்லை. சத்தம் கேட்டதும் மனைவி குன்வோர் காப்பி போடுவாள், அவ்வளவுதான்.

இருவரும் மரவீடு கட்டுகிறவர்கள். முழு மரங்களை மூலையில் செதுக்கி ஒன்றையொன்று கவ்வவிட்டு, இடையில் பாசி திணித்து அடுக்குவார்கள். ஆணி கிடையாது. வெட்டவேண்டிய இடத்தில் குன்வோர் கோடு கிழிப்பாள், தாலக் வெட்டுவான். அவள் கோட்டில் யாரும் குற்றம் கண்டதில்லை. அந்தத் திமிர் அவளுக்கு நிறையவே இருந்தது. அந்த வருஷம் எட்டு மூலைக் கூரை ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைவிட ஒரு சாண் உள்ளே தள்ளி ஏறி, உச்சியில் ஒன்றுசேர வேண்டும். அதுவரை தாங்க நடுவில் ஒரே ஒரு முட்டு மரம். அதைத் தட்டி எடுக்கும்போது வெட்டியவனே கீழே நிற்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

முட்டு எடுக்கும் நாள் காலை, தாலக் கிளம்பி அரை மணிகூட ஆகவில்லை. வாசலில் காம்பு சாயும் சத்தம். பிறகு ஒரு கால் பனியை உதறியது. மறுகால் இழுபட்டது. குன்வோர் கதவைத் திறந்தாள். படியில் பனி கலையாமல் கிடந்தது. போட்டது போட்டபடி கூரை வேலை நடக்கும் இடத்துக்கு ஓடினாள்.

தாலக் கூரைக்கு அடியில் சம்மட்டியோடு நின்றிருந்தான்.

"வெளிய வா தாலக். உன் சத்தம் கேட்டுச்சு. நொண்டிக்கிட்டு வந்தே."

"நொண்டினாலும் வீடு வந்துட்டேன்ல? அப்புறம் என்ன?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். வடக்கு மூலையிலிருந்து பாசி உதிர்ந்துகொண்டிருந்தது. பாரம் சரியாக உட்கார்ந்த மரம் பாசியை விடாது.

"அந்த மரம் உக்காரல. நான்தான் தப்பாக் கிழிச்சிருக்கேன்."

அவள் வாயில் இப்படியொரு பேச்சா என்று அவன் திகைத்து நின்ற நேரத்தில் மேலே மரம் முனகியது. அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். விழுந்தது ஒரே மரம்தான், அவளுடைய ஒரு காலில், முழங்காலுக்குக் கீழே.

ஆறு வாரம் ஆஸ்பத்திரி. அதற்குள் தாலக் அந்த மூலையைப் புதிதாக வெட்டிக் கூரையை முடித்துவிட்டான். அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்தப் போனான். குன்வோர் தனியாகப் படியேறி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தாள். நல்ல காலிலிருந்து பனியை உதறினாள். மறுகாலை இழுத்தாள்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். அன்று காலை வந்தது அவளுடைய காலடி, ஆறு வாரம் முன்னதாக. தாலக்குடையது அன்று வரவே இல்லை; அவள் ஓடிப்போயிருக்காவிட்டால் அவன் வீடு திரும்பியே இருக்கமாட்டான்.

"தாலக்," என்று இன்னும் இருட்டாத முற்றத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள். "கார் அப்படியே கெடக்கட்டும். நீ சீக்கிரம் உள்ள வா."