நாற்பது பவுண்டு வில்

தோலை உரிக்காமல், விலா எலும்போடு சேர்த்து ஆட்டின் முன்னங்கால் சப்பை ஒன்று வேண்டும் என்று அம்மா கேட்டதும், அமீரகத்து அல் ஐன் நகர இறைச்சிக்கடை பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

“சம்டா கே சாத்? க்யா பனேகா, மேடம்?” என்றார். தோலோடு என்ன சமைக்க முடியும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு உண்மையிலேயே ஆசை.

“பனானா நஹி, பாய். தீர் மார்னா ஹை” என்றாள் அம்மா. சமைக்க இல்லை, அம்பு விட. பாய் மறுபடி கத்தியை எடுத்தார். சப்பையை இரண்டு பைகளில் சுற்றி, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் என் கையில் கொடுத்தார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முந்தைய வருடம் சென்னையில் அம்மாவுக்கு வலது மார்பை எடுத்திருந்தார்கள். என்னிடம் தோளில் ஏதோ சின்னக் கட்டி என்றார்கள், நம்பிவிட்டேன். அதற்கு முன்பு அம்மா மலையடிவாரத்து வில்வித்தை கிளப்பில் பெயர் வாங்கியவள். ஒரு வில்லை முழுதாக இழுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதைப் பவுண்டில் சொல்வார்கள். ஆண்களே திணறும் அறுபது பவுண்டு வில்லை அவள் பேசிக்கொண்டே இழுப்பாள். ஆபரேஷனுக்குப் பிறகு நாற்பதைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கிளப்பின் பயிற்சியாளர் தென்னாப்பிரிக்காக்காரர். ஒவ்வொரு மே மாதமும் சிலரைத் தன் அண்ணனின் பண்ணைக்குக் காட்டுப்பன்றி வேட்டைக்கு அழைத்துப்போவார். அடுத்த வருட மே மாதத்துக்கு அம்மா பெயர் கொடுத்தாள். அவர் மறுக்கவில்லை, ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். பலம் குறைந்த வில்லால் அடிபட்ட மிருகம் புதருக்குள் ஓடி நாள்கணக்கில் கிடந்து சாகும், அது பாவம். ஆகவே தோலும் எலும்பும் உள்ள சப்பையை அம்பு துளைத்து மறுபக்கம் வர வேண்டும். வராவிட்டால் வேட்டை கிடையாது.

அப்பாவுக்கு இது பிடிக்கவேயில்லை.

“எதுக்கும்மா இப்ப இதெல்லாம்? அப்பறம் பாத்துக்கலாம்” என்றார்.

“அப்பறம்னா எப்பங்க?”

அப்பா ஏசி ரிமோட்டைத் தேடினார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாருமே அடுத்த வருடத்தைப் பற்றிப் பேசுவதில்லை. லீவுக்கு ஊருக்குப் போவதா, வீடு மாறுவதா, எதைக் கேட்டாலும் “பாப்போம்” என்பார்கள். இப்போது நினைத்துப் பார்க்கும்போதுதான் அது எனக்குத் தெரிகிறது. அன்று அப்பாவைக் கஞ்சன் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை கிளப்புக்குப் போனோம். அப்பா கார் ஓட்டிவந்ததோடு சரி. இறங்கி, கதவருகிலேயே கைகட்டி நின்றுகொண்டார். பயிற்சியாளர் சப்பையை ஒரு ரப்பர் மெத்தைக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டார்.

அம்மாவிடம் வேட்டைக்கான அம்பு முனைகள் மூன்று விதமாக இருந்தன. ஒன்று மூடியே இருக்கும். பட்டவுடன் பட்டாம்பூச்சி மாதிரி இரண்டு பிளேடுகள் விரியும். “அம்மா, இதுதான் கூல்!” என்று கடையில் அடம்பிடித்து வாங்கவைத்தது நான். அதைத்தான் முதலில் பூட்டினாள். அம்பு பட்டது, பிளேடு அழகாக விரிந்தது. விரிவதிலேயே இருந்த வேகமெல்லாம் போய், அம்பு தோலில் தொங்கிக் கீழே விழுந்தது. என்னைத் திட்டியது போல இருந்தது எனக்கு.

இரண்டாவது முனைக்கு விரியாத மூன்று பிளேடுகள். அது உள்ளே போனது, ஆனால் விலா எலும்பில் முட்டி நின்றுவிட்டது. அம்மா வலது தோளை அமுக்கிவிட்டுக்கொண்டாள். பயிற்சியாளர் மெதுவாக, அரபியில் “கலாஸ்” என்று சொல்லிவிட்டு, “இன்னொரு நாள் பார்க்கலாம்” என்றார் ஆங்கிலத்தில்.

“மாஃபி கலாஸ்” என்றாள் அம்மா. கலாஸ் என்றால் ‘முடிந்தது’, மாஃபி கலாஸ் என்றால் ‘இன்னும் முடிந்துவிடவில்லை’.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து சாணைக்கல்லை எடுத்தாள். மூன்றாவது முனையில் இரண்டே பிளேடு. பார்க்க ஒன்றுமேயில்லை, குட்டி வேல் மாதிரி ஒல்லியாக இருந்தது. அதைத் தீட்டினாள். என் தலையிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றி, விரல்களில் இழுத்துப் பிடித்து அதன்மேல் தொட்டுப் பார்த்தாள். அறுபடவில்லை. மறுபடியும் தீட்டினாள். அடுத்த முறை தொட்டதுமே ரப்பர் பட்டென்று அறுந்தது.

“வில்லுக்குப் பலம் இல்லைன்னா கத்திக்காவது இருக்கணும்ல” என்றாள், யாரிடம் என்றில்லாமல். பிறகு, மெல்லிய அம்பை வைத்துவிட்டு கனமான அம்பு ஒன்றை எடுத்து அந்த முனையைத் திருகினாள். கனமான அம்பு மெதுவாகப் போகும், ஆனால் சுலபத்தில் நிற்காது.

எழுந்து இழுத்தாள். பாதியில் கை நின்றது. அப்பா கட்டியிருந்த கைகளை எடுத்துவிட்டு ஓரடி முன்னால் வந்தார். அம்மா வில்லை இறக்கினாள், மூச்சு வாங்கினாள், மறுபடி இழுத்தாள். விட்டபோது பெரிய சத்தமெல்லாம் இல்லை. சப்பை லேசாக ஆடியது, அவ்வளவுதான். தவறிவிட்டது என்று நினைத்தேன். பயிற்சியாளர் போய்ப் பார்த்து, கட்டை விரலை உயர்த்தினார். அம்பு சப்பையைக் கடந்து ரப்பர் மெத்தையில் ஆழமாகக் குத்தியிருந்தது.

அந்த முனையோடுதான் அம்மா தென்னாப்பிரிக்கா போனாள். இரண்டு பன்றிகளை, தூரம் அதிகம் என்று விட்டுவிட்டாள். மூன்றாவது, கிட்டத்தில் வந்தது. ஒரே அம்பு, பத்தடி கூட ஓடவில்லையாம்.

ஆனால் எனக்கு அதைவிட நினைவில் நிற்பது அந்தச் சனிக்கிழமை கிளப்பிலிருந்து வீடு திரும்பியதுதான். ரவுண்டானாக்களைச் சுற்றிச் சுற்றிக் கார் போய்க்கொண்டிருந்தது. அப்பா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

“அடுத்த வருஷம் மே மாசம் எத்தனாந் தேதின்னு கேட்டுச் சொல்லு. நானும் லீவு போடுறேன்.”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. வேட்டை முழுவதும் அப்பா கூடவே வந்து “பாத்து, பாத்து” என்று சொல்லிக்கொண்டிருப்பாரே, அதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, பின் சீட்டிலிருந்து எட்டி அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.